துளை இல்லை என்று கண்டறியப்பட்டது

எங்கள் ஊரின் வரலாற்றைக் காப்பாற்றுவதற்குப் பதினேழு பேர் இருக்கிறோம். எங்களிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான் ஒருவரும் இல்லை.

நெடுவாக்குடி வட்டார வரலாறு மற்றும் மரபுப் பாதுகாப்புப் பேரவை என்று பெயர். திருவரங்குளத்திலிருந்து வரும் சாலையில் பேரவையின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். ஊரின் பெயர்ப்பலகை அதற்குப் பின்னால் இருக்கிறது. நான் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். தமிழில் டைப் அடிக்கத் தெரியும் என்பதற்காகவே என்னை உறுப்பினர் ஆக்கினார்கள். தீர்மானம், பத்திரிகைச் செய்தி, இரங்கல் உரை எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் பிறந்தன. ஆகையால் நான் சொல்லப்போகும் அக்கிரமத்தை எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தலைவர் நாராயணன், ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர். பதவியில் இருந்த காலத்தில் அவர் மேசையைத் தாண்டி ஒரு ஃபைல் போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பழையதைப் பத்திரமாக வைத்திருப்பதில் தனக்கு முப்பத்தைந்து வருட அனுபவம் உண்டு என்று மேடையில் அவரே சொல்லிக்கொள்வார். ஆய்வாளர் அருள்தாஸ், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பேரவை அவருக்குக் 'கல்வெட்டுச் செம்மல்' பட்டம் கொடுத்தது. அதே மேடையில், அதே சால்வையை மடித்துத் தலைவருக்குப் போட்டு அவர் 'மரபுக் காவலர்' பட்டம் கொடுத்தார். புரவலர் சொக்கு, திருமயம் பக்கத்துக்காரர், சென்னையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். எந்த ஊருக்கு எந்த நன்மை செய்ய நினைத்தாலும் டைல்ஸாகவே செய்துவிடுவார். எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் வழுக்கி விழுந்து இரண்டு பேருக்குக் கால் முறிந்திருக்கிறது.

இவர்கள் கையில் ரெங்கசாமி தானாகப் போய் மாட்டினார்.

ரெங்கசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. பெரிய கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை. அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் ஒருகாலத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒன்பது பேர் தைலமரம் வைத்துவிட்டார்கள், இரண்டு பேர் சிங்கப்பூர் போய்விட்டார்கள், நெல் போட்டுக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். மடைக்காரரும் அவர்தான். கரையிலிருந்து நாற்பதடி தள்ளிக் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. ஊரில் அதைக் குமிழி என்போம், படித்தவர்கள் குமிழித்தூம்பு என்பார்கள். தூண்களின் அடியில் ஒரு கல்தொட்டி, தொட்டியின் தலையில் ஒரு துளை, துளையை அடைத்தபடி ஒரு கல்குழவி. ரெங்கசாமி நீந்திப் போய், முங்கி, குழவியைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடி, வாய்க்காலில் போய் விழும். ஆயிரம் வருடமாக இவ்வளவுதான் அதற்கு வேலை. அதைச் செய்துகொண்டிருந்தது.

போன வருடம் சித்திரையில் கண்மாய் வற்றியபோது தொட்டியைச் சுற்றி அடைந்த வண்டலை வெட்டி எடுத்தார். இடது தூணின் அடியில் எழுத்து தெரிந்தது. பேசாமல் வண்டலை இழுத்து மூடிவிட்டு வந்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தவர் அதைச் சொல்லிவிட்டார். கடையில் அருள்தாஸ் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை பேரவை முழுவதும் கண்மாய்க்குள் இறங்கியது. பதினோரு போட்டோ எடுத்தோம். அருள்தாஸ் சுண்ணாம்புப் பொடியைத் தடவி, மூன்று வரிகளையும் உரக்க வாசித்தார். முதல் இரண்டு வரி, இந்தத் தூம்பை இன்னார் செய்து கொடுத்தார் என்றது. மூன்றாவது வரி, இந்தத் தர்மத்தைக் காத்தவன் அடி என் தலைமேலது என்றது. பழைய கல்வெட்டுகளில் இப்படி எழுதி முடிப்பது வழக்கம்தானாம். ஆனால் நாராயணன் அசந்துபோனார்.

"காப்பாத்துறவன் காலைத் தன் தலைமேல வச்சுக்கிறேன்னு சொல்றான். இன்னைக்குக் காப்பாத்துறது யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். ரெங்கசாமியும் அங்கேதான் நின்றார். அவர் கால் முழங்கால்வரை சேற்றில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

எழுத்து தெளிவாக இல்லை என்பதால் கல்லைச் சுத்தம் செய்ய முடிவானது. சொக்கு சென்னையிலிருந்து இரண்டு கேன் ஆசிட் அனுப்பினார். அவர் கடையில் பாத்ரூம் டைல்ஸ் கறைக்கு விற்பது. ஊற்றியதும் கல் நன்றாகப் பொங்கியது. தேங்காய்நார் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் விட்டதும் கல் பளபளவென்று வெள்ளையாகி, மேல் இரண்டு வரிகள் காணாமல் போயிருந்தன. மூன்றாவது வரியை அதற்குள் சேறு மறுபடி மூடியிருந்ததால் அது பிழைத்தது. எழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுப்பதைச் சுத்தம் செய்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். சரி, போட்டோ இருக்கிறதே என்று பார்த்தால், பதினொன்றிலும் எழுத்து இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு செயற்குழு நின்றது.

அருள்தாஸ் கலங்கவில்லை. 'முதல் இரண்டு வரிகள் காலத்தால் சிதைந்துள்ளன' என்று எழுதிக் கொடுத்தார். நான் அடித்தேன். காலம் என்பது புதன்கிழமை காலை பத்தரை மணி.

அடுத்தது பாதுகாப்பு. தூண்களைச் சுற்றிப் பன்னிரண்டடி சதுரத்துக்குக் காங்கிரீட் மேடை, அதன்மேல் டைல்ஸ், சுற்றிலும் எவர்சில்வர் கம்பி, ஓர் உயரமான கிரானைட் பலகையில் பதினேழு பேர் பெயர். கலவை எந்திரம் கண்மாய்க்குள் இறங்கிய அன்று ரெங்கசாமி ஓடி வந்தார்.

"ஐயா, அடியில தொளை இருக்குதுங்க. அதுமேல கலவையக் கொட்டுனா தண்ணி எங்கிட்டுங்க போகும்?"

நாராயணன் அவரை அன்போடு ஓரமாக அழைத்துப் போனார். துளையை யாரும் மூடவில்லை, பாதுகாக்கிறோம், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று விளக்கினார். இதுவரை அந்தத் துளைக்குள் வண்டல் போனது, நண்டு போனது, இனி எதுவும் போகாது என்றார். எதுவும் என்பதில் தண்ணீரும் சேர்த்தியா என்று ரெங்கசாமி கேட்டார். நல்ல கேள்வி, மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார் நாராயணன். மனுவை நான் அடித்துக் கொடுத்தேன். அது அவர் மேசைக்குப் போனது. மற்ற ஃபைல்கள் போன வழிதான்.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் கலிங்கு வழிய நிரம்பியது. மேடை முங்கிப்போய், தூண் தலைகளும் கிரானைட் பலகையும் மட்டும் வெளியே தெரிந்தன. வானம் விட்டுவிட்டுப் பெய்ததால் மார்கழிவரை ரெங்கசாமியின் நெல்லுக்குக் குறையில்லை. தை பிறந்ததும் வானம் வெளுத்துவிட்டது. பயிர் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற நேரம். ஒரே ஒரு தண்ணீர் போதும், வீட்டில் வருடச் சாப்பாட்டுக்கு நெல் வந்துவிடும். அந்த ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதர். கரைக்கு இந்தப் பக்கம் பத்தடித் தண்ணீர் நிற்கிறது, அந்தப் பக்கம் வயல் வெடிக்கிறது.

மூன்று நாள் முங்கிப் பார்த்தார். கையில் டைல்ஸ்தான் தட்டுப்பட்டது. அவர் மனைவி செவந்தி தம்பி வீட்டிலிருந்து ஆயில் இன்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, கரைமேல் வைத்துத் தண்ணீரை இறைக்கப் பார்த்தாள். இன்ஜின் ஓடியது கால் மணி நேரம். நூறு மீட்டருக்குள் அதிர்வு தரும் எந்திரங்களுக்குத் தடை என்று பேரவை போர்டு வைத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. இன்ஜின் அதிர்வில் கல்வெட்டு விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்று நாராயணன் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுத்தார். இன்ஜினை ஏற்றிக்கொண்டு போனார்கள். புகாரை நான்தான் அடித்தேன்.

அதன் பிறகு ரெங்கசாமி கேட்டுக்கொண்டபடி அவசரக் கூட்டம் ஒன்பது நாள் கழித்து நடந்தது. முதலில் இரங்கல். பிறகு உலக மரபு வாரத்துக்கு எந்த நிறத்தில் டீ-சர்ட் போடுவது என்பது ஒன்றே முக்கால் மணி நேரம். ரெங்கசாமியின் நெல் ஏழாவது பொருள். அவர் வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்காலி உறுப்பினர்களுக்கு மட்டும்.

"ரெண்டு சதுரம் மட்டும் ஒடைச்சாப் போதுங்க. ஒரு தண்ணி வுட்டுக்கிட்டு நானே திரும்பப் பூசித் தாரேன்" என்றார்.

நாராயணன் எழுந்தார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. "ரெங்கசாமி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நெல்லு வருஷா வருஷம் வெளையும். ஆனா இந்த மாதிரி ஒரு மேடை ஆயிரம் வருஷத்துக்கு ஒருதரந்தான் அமையும். நாளைக்கு வர்ற சந்ததி, வயலைப் பாதுகாத்தீங்களான்னு என்னையக் கேக்கப் போறதில்லை. மேடையை ஏன் ஒடச்சீங்கன்னுதான் கேக்கும்" என்றார். பலத்த கைதட்டல் என்று நான் குறிப்பில் எழுதினேன். கைதட்டவும் செய்தேன்.

தொழில்நுட்ப ஆய்வுக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். அருள்தாஸ் தலைவர், உறுப்பினர் நான். மீன் குத்தகைக்காரரின் தெர்மாகோல் மிதவையில் அருள்தாஸ் குடை பிடித்து உட்கார்ந்தார். நான் பின்னால் செல்போனோடு. ரெங்கசாமி மிதவையைத் தள்ளிக்கொண்டே நீந்தி வந்தார். தூண் பக்கம் போனதும், இரண்டு தூண்களுக்கும் குறுக்கே கிடக்கும் விலங்குக்கல்லில் ஏறி நின்று, தலைக்கு மேல் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு முங்கினார். சேர்த்த கையோடு நின்றதை நான் போட்டோ எடுத்தேன். வெகுநேரம் கழித்து மேலே வந்தார். விரல்நுனியில் ரத்தம்.

"துளை தென்படுதா?" என்றார் அருள்தாஸ்.

"இல்லைங்க. டைல்ஸுதான் இருக்கு."

"டைல்ஸை விடுங்க. துளை இருக்கா, இல்லையா?"

"இருந்துச்சுங்க. இப்ப இல்லை."

"இருந்துச்சுங்கிறது செவிவழிச் செய்தி. நாம செய்யுறது கள ஆய்வு." நோட்டில் எழுதிக்கொண்டார். துளை இல்லை.

அந்த இரண்டு சொல்லோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். அன்று ராத்திரி முழுக்க அருள்தாஸ் தூங்கவில்லையாம். மறுநாள் காலையில் கண் சிவக்க என் கடைக்கு வந்து நூற்றி இருபது பக்கக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். 'நெடுவாக்குடித் தூண்: ஒரு மறுவாசிப்பு.' வாதம் ரொம்ப எளிமையானது. தூம்பு என்றால் துளை வேண்டும். நேரடிக் கள ஆய்வில் துளை இல்லை. தூம்பு என்று சொல்லும் கல்வெட்டு வரி எதுவும் இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே வரி அடியையும் தலையையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே இது தூம்பே அல்ல, வழிபாட்டுத் தூண். இதன்வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது என்பது பிற்காலத்துக் கட்டுக்கதை.

முதல் இரண்டு வரிகளை அவரே வாசித்ததைக் கேட்டோமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆய்வாளனுக்கு நினைவாற்றல் ஒரு பலவீனம் என்றார். பக்கம் நாற்பதில் நான் எடுத்த போட்டோவைப் போட்டோம். அடியில் அவர் சொன்னபடி அடித்தேன்: 'தூணைக் கைகூப்பி வணங்கும் உள்ளூர்ப் பக்தர்.'

மாசியில் கண்மாய்க் கரையிலேயே பந்தல் போட்டுப் புத்தக வெளியீடு. பந்தலுக்குப் பின்பக்கம்தான் ரெங்கசாமி வயல். நெல் நின்றபடி காய்ந்திருந்தது. காற்றடித்தால் கதிர்கள் உரசுவது மைக்கில் கேட்டது. சொக்கு அதைப் பார்த்துவிட்டு, கோல்டன் கலரில் நல்ல பேக்ரவுண்டு என்று மகிழ்ந்தார். பின்னணியில் அது வருகிற மாதிரி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம்.

பக்தர் என்ற முறையில் ரெங்கசாமிக்குச் சால்வை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு அருள்தாஸையே பார்த்தார்.

"சாரு, நான் நாப்பது வருஷமாத் தொறந்துருக்கேங்க. எங்கய்யா தொறந்துருக்காரு. தொளை இல்லைன்னா நாங்க எதைங்க தொறந்தோம்?"

அருள்தாஸ் மைக்கை வாங்கி, இதுதான் நம்பிக்கையின் வலிமை என்றார். இல்லாத துளையை இரண்டு தலைமுறையாகத் திறந்திருக்கிறார்கள், இந்த வெள்ளந்தி மனிதர்களின் பக்திக்குத் தலை வணங்குகிறேன் என்று தலை வணங்கினார். கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியது நான் இல்லை, மூன்றாவது அல்லது நான்காவதாக இருப்பேன். இதை எழுதும்போதும் என் கையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செவந்தி பந்தல் பக்கம் வரவில்லை. பக்கத்து ஊர்க் கிடைக்காரரிடம் சொல்லி, கூட்டம் நடக்கும்போதே நூறு ஆட்டை வயலுக்குள் இறக்கிவிட்டாள். ஆடுகள்கூடப் பதரை மேயாமல் தாளைக் கடித்தன.

சித்திரையில் கண்மாய் மறுபடி வற்றியது. ஒருசொட்டுத் தண்ணீர் வயலுக்குப் போகாமல் அத்தனையும் வெயிலுக்கே போனது. மேடை மேலே வந்த அன்று உச்சிவேளையில், எல்லோர் கண்ணெதிரிலும், ரெங்கசாமி கடப்பாரையோடு இறங்கினார். நாலு டைல்ஸ் உடைத்தார். ஐந்தாவதை உடைக்குமுன் பேரவை வந்துவிட்டது. தொன்மைச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார். அந்த டைல்ஸ் பதித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் நாராயணன் பெருந்தன்மை காட்டினார். வழக்கு வேண்டாம், மனுஷன் பாவம் என்றார். இனி கல்லைத் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மேடைக்கு ஒரு காவலாள் தேவைப்படுகிறது, அந்த வேலையை ரெங்கசாமிக்கே கொடுக்கலாம் என்றார். சாப்பாட்டு நெல் இல்லாத வருடம். ரெங்கசாமி தலையை ஆட்டினார். காக்கிச் சட்டை, தொப்பி, கழுத்தில் அட்டை எல்லாம் கொடுத்தோம். செவந்தி அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்தத் தொப்பிய வாசப்படிக்கு வெளியவே வச்சுட்டு வாங்க."

பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல அருள்தாஸ் ஆறு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். ரெங்கசாமிக்குப் படிக்கத் தெரியாது. நான் தினம் கடை மூடியதும் வாசித்துக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் வாக்கியத்தை மட்டும் அவரால் நான்கு நாள் சொல்ல முடியவில்லை. வாயைத் திறப்பார், தொண்டையைக் கனைப்பார், ஒரு வாய்த் தண்ணீர் கேட்பார். ஐந்தாம் நாள் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மரபு நடைக்குச் சென்னையிலிருந்து ஒரு வேன் வந்தது. ரெங்கசாமி மேடை ஓரம் நின்று சொன்னார். "இது தூம்பு இல்லைங்க. வழிபாட்டுத் தூணுங்க. இதுல தொளை கெடையாது." எல்லாரும் வீடியோ எடுத்தார்கள். ஐஸ்வர்யா என்ற காலேஜ் பெண் மட்டும் கரைமேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வாய்க்கால் தெரிந்திருக்கும். அதன் வாயிலிருந்து தொடங்குகிற வயலும் தெரிந்திருக்கும்.

"அண்ணா, அப்போ அந்த வயலுக்கெல்லாம் தண்ணி எப்படிப் போச்சு?"

ஆறு வாக்கியத்தில் அதற்குப் பதில் இல்லை. ரெங்கசாமி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த நோட்டீஸ் கட்டை எண்ண ஆரம்பித்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் வயல் இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"போனதில்லைங்கம்மா. அங்கிட்டு நெல்லு வெளைஞ்சதே இல்லை."

அருள்தாஸுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உள்ளூர்க்காரர் வாயாலேயே வந்துவிட்டதாம், இதைவிடச் சான்று வேண்டாமாம். இரண்டாம் பதிப்பில் அடிக்குறிப்பாகச் சேர்க்கச் சொல்லி மறுநாளே தாளைக் கொடுத்தார். நான் அடித்தேன். 'அப்பகுதியில் நெல் விளைந்ததில்லை. தகவல்: ரெங்கசாமி, மடைக்காரர், நெடுவாக்குடி.'

அருள்தாஸ் சிவப்புப் பேனாவை எடுத்து 'மடைக்காரர்' என்பதை அடித்துவிட்டு, 'காவலாளி' என்று மேலே எழுதினார். கவனமாக அடிக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டார். திருத்திக் கொடுத்தேன்.